ஆய்வு அட்டவணை மாறிய கதை: கட்டுமான மென்பொருளின் ஏபிஐயிலிருந்து மாற்றப் பதிவுகளை எடுப்பது எப்படி?

“எல்லாம் மென்பொருளில் இருக்கிறது, வேண்டும்போது ஏபிஐயில் எடுத்துக்கொள்ளலாம்.” சென்னையில் கட்டுமான நிறுவனங்களின் கூட்டங்களில் இப்படி ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். (ஏபிஐ என்பது ஒரு மென்பொருளிடம் இன்னொரு மென்பொருள் விவரம் கேட்டு வாங்கும் வழி.) எதை எடுத்துக்கொள்ளலாம் என்று நிறுத்திக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. தர மேலாளர் ஆய்வறிக்கையை நினைக்கிறார். திட்ட மேலாளர் இந்த வாரத்து ஆய்வு நாட்களை நினைக்கிறார். சைட் இன்ஜினியரோ, வாட்ஸ்அப் குழுவில் “நாளைய ஆய்வு திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டது” என்று வந்த செய்தியே போதும் என்று இருக்கிறார். மூன்றும் வேறு வேறு. மூன்றில் எதுவும் மாற்றப் பதிவு, அதாவது ஆய்வு அட்டவணையில் எது, எப்போது, யாரால் மாறியது என்ற பதிவு, அல்ல.

இதைச் சொற்குழப்பம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்ததைப் பார்த்த ஊர் இது. ஒரு கட்டடத்தில் யார், எப்போது, எதைப் பார்த்தார்கள், பார்க்க வேண்டிய நாளை யார் தள்ளி வைத்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதிலில் ஒரு பகுதி மாற்றப் பதிவில் இருக்கிறது. அதை எடுக்கத் தெரிந்துகொள்ள நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதிவு பதில் சொல்லும் என்று தெரிந்தால் போதும், மீதியை நிரல் எழுதுபவரிடம் தெளிவாகக் கேட்டு வாங்கிவிடலாம்.

## அட்டவணை வேறு, ஆய்வு வேறு

ஆய்வு என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவர் போய்ப் பார்த்து, சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி, சரி அல்லது சரியில்லை என்று பதிவது. ஆய்வு அட்டவணை என்பது அந்த ஆய்வுகள் எப்போது, எத்தனை நாளுக்கொரு முறை, யாரால் நடக்க வேண்டும் என்று சொல்லும் விதி. “சாரத்தை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாதுகாப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும்” என்பது அட்டவணை. போன திங்கட்கிழமை அவர் ஏறிப் பார்த்து, மூன்றாம் மாடியில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருப்பதாக எழுதியது ஆய்வு. மாற்றப் பதிவு இந்த இரண்டிலும் சேராது. அட்டவணையில் இருந்த ஒரு விவரம் எப்போது, யாரால், எதிலிருந்து எதற்கு மாறியது என்பதை மட்டும் அது சொல்கிறது.

நாள் மாறுவது சாதாரண விஷயம்தானே என்று தோன்றலாம். பல நேரங்களில் அப்படித்தான். ரெடிமிக்ஸ் வண்டி வரவில்லை, மழை விடவில்லை, கம்பி கட்டும் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று ஆய்வு இரண்டு நாள் தள்ளிப்போகும். அதில் தவறில்லை. ஆனால் சில நாட்களுக்குப் பின்னால் பொறியியல் கணக்கு இருக்கிறது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000இன்படி, சாதாரண சிமென்ட் பயன்படுத்தி, வெப்பநிலையும் 15 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போது, தாங்கிகளுக்கிடையே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி கொண்ட தளத்தை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளை, கான்கிரீட் போட்டு 14 நாட்கள் ஆகும் முன் எடுக்கக் கூடாது. 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாட்கள். முட்டு எடுக்கும் முன் செய்ய வேண்டிய ஆய்வு 14ஆம் நாளிலிருந்து 17ஆம் நாளுக்குத் தள்ளிப்போனால் கவலையில்லை. அதே ஆய்வு 10ஆம் நாளுக்கு முன்னே இழுக்கப்பட்டிருந்தால், யாரோ முட்டுகளை முன்கூட்டியே எடுக்க நினைத்திருக்கலாம். இன்றைய அட்டவணையில் ஒரு தேதி மட்டும்தான் தெரியும். அது முன்னே வந்த தேதியா, பின்னே போன தேதியா என்பது அதில் தெரியாது.

சுருக்கமாக: அட்டவணை விதி, ஆய்வு செயல், மாற்றப் பதிவு அந்த விதி மாறிய வரலாறு. மூன்றும் மென்பொருளில் மூன்று தனி இடங்களில் கிடக்கின்றன.

## பாஸ்புக்கில் இருப்பும் வரவுசெலவும்

வங்கிப் பாஸ்புக்கை எல்லோருக்கும் தெரியும். கடைசி வரியில் இருப்புத் தொகை இருக்கிறது. அதற்கு மேலே ஒவ்வொரு வரியும் ஒரு வரவு அல்லது செலவு. இருப்பு 12,000 ரூபாய் என்று மட்டும் தெரிந்தால், போன மாதம் 80,000 வந்து 68,000 போனதா, அல்லது ஒன்றுமே நடக்காமல் 12,000 அப்படியே கிடக்கிறதா என்று சொல்ல முடியாது.

ஆய்வு அட்டவணை இருப்புத் தொகை மாதிரி. இந்த நிமிடத்து நிலையை மட்டும் காட்டும். மாற்றப் பதிவுகள் மேலே உள்ள வரிகள் மாதிரி. வரிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்தால் இருப்பு வர வேண்டும். மாற்றப் பதிவுகளையும் அப்படியே முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு வந்தால் இன்றைய அட்டவணை வர வேண்டும். வரவில்லை என்றால், நாம் ஏதோ ஒரு வரியைத் தவறவிட்டிருக்கிறோம். இது வெறும் உவமை மட்டுமல்ல, எடுத்த தரவு முழுமையானதா என்று சோதிக்க நான் அறிந்தவற்றில் மிக நம்பகமான வழியும் இதுதான்.

## ஏபிஐ என்பது கவுண்ட்டர்

பாஸ்புக் விவரம் வேண்டுமென்று வங்கியின் கணினி அறைக்குள் யாரும் போவதில்லை. கவுண்ட்டருக்குப் போகிறோம். அங்கே ஒரு படிவம் இருக்கிறது. கணக்கு எண்ணை எழுத வேண்டிய கட்டத்தில் எழுதி, நாம் யார் என்று காட்டி, நீட்டுகிறோம். உள்ளே என்ன கணினி இருக்கிறது, எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. படிவம் சரியாக இருந்தால் பதில் வரும், தவறாக இருந்தால் என்ன தவறு என்று சொல்லித் திருப்பித் தருவார்கள்.

ஏபிஐ இந்தக் கவுண்ட்டர். ஒரு மென்பொருளிடம் இன்னொரு மென்பொருள், முன்பே அறிவிக்கப்பட்ட வடிவத்தில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஏற்பாடு. நாம் உலாவியில் பார்க்கும் திரை மனிதர்களுக்காகச் செய்தது. ஏபிஐ நிரல்களுக்காகச் செய்தது. திரையில் தெரியும் எல்லாமே ஏபிஐயில் கிடைக்கும் என்றோ, ஏபிஐயில் கிடைக்கும் எல்லாமே திரையில் தெரியும் என்றோ நினைக்க வேண்டாம். எந்தெந்தக் கேள்விக்குக் கவுண்ட்டர் திறந்திருக்கிறது என்பது அந்த நிறுவனம் வெளியிடும் ஏபிஐ ஆவணத்தில் இருக்கும்.

2002இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ப்ரோகோர், ஆட்டோடெஸ்கின் கன்ஸ்ட்ரக்ஷன் கிளவுட் போன்ற கட்டுமான மேலாண்மை மென்பொருள்கள் இப்படி ஏபிஐ தருகின்றன. இவை பின்பற்றும் பாணிக்கு ‘ரெஸ்ட்’ என்று பெயர். கணினி அறிஞர் ராய் ஃபீல்டிங் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் 2000ஆம் ஆண்டில் விளக்கிய பாணி அது. புதிதாகக் கற்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் இணையத்தில் ஒரு முகவரி உண்டு, அந்த முகவரியிடம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வினைச்சொல்லோடு கேட்கிறோம். படிக்க மட்டும் வேண்டும் என்றால் அந்த வினைச்சொல் ‘கெட்’.

‘கெட்’ கோரிக்கை படிப்பதற்கு மட்டுமே உரியது, அது எதையும் மாற்றாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், “ஏபிஐயைத் தொட்டால் ஆய்வுத் தேதி கெட்டுவிடுமோ” என்ற பயத்திலேயே பல சைட் அலுவலகங்கள் இதன் பக்கம் போவதில்லை. மாற்றப் பதிவை எடுப்பது பாஸ்புக்கை அச்சடித்து வாங்குவதுதான், பணம் எடுப்பது அல்ல. அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்றால், படிக்கும் அனுமதி மட்டும் உள்ள தனிப் பயனர் கணக்கு ஒன்றை இதற்கென்றே உருவாக்கிவிடலாம்.

## கேள்வியில் என்னென்ன இருக்க வேண்டும்?

முகவரியில் வழக்கமாக இரண்டு எண்கள் வரும். ஒன்று திட்ட எண். பெரும்பாக்கத்துக் கட்டடமும் அம்பத்தூர் கட்டடமும் மென்பொருளில் இரண்டு திட்டங்கள், இரண்டு எண்கள். மற்றொன்று அட்டவணை எண். ஒரே திட்டத்தில் சாரத்துக்கு ஓர் அட்டவணை, மின் இணைப்புகளுக்கு ஒன்று, டவர் கிரேனுக்கு ஒன்று என்று பல இருக்கும். எந்த அட்டவணையின் வரலாறு வேண்டும் என்பதை இந்த எண்தான் சொல்கிறது.

அட்டவணை எண் திரையில் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் “இந்தத் திட்டத்தின் அட்டவணைகளைத் தா” என்று ஒரு கெட் கோரிக்கை அனுப்பி, வரும் பட்டியலிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு, அடுத்ததாக “இந்த எண்ணின் மாற்றங்களைத் தா” என்று கேட்க வேண்டும். இரண்டு படிகள் என்பது தெரியாமல், பெயரை வைத்துக்கொண்டு நேராக வரலாற்றைத் தேடியே பலர் பாதி நாளைத் தொலைக்கிறார்கள்.

அடுத்தது அடையாளம். கடவுச்சொல்லைக் கேள்வியோடு அனுப்பும் வழக்கம் இப்போது இல்லை. ‘ஓஆத் 2.0’ என்ற, 2012இல் வெளியான தரநிலைப்படி, நம் நிரல் முதலில் தன்னை நிரூபித்து ஒரு டோக்கன் பெறுகிறது. டோக்கன் என்பது குறிப்பிட்ட நேரம் மட்டும் செல்லும் நீளமான எழுத்துச் சரம். ஒவ்வொரு கேள்வியின் தலைப்பகுதியிலும் அதை வைத்து அனுப்ப வேண்டும். நேரம் முடிந்தால் புதிது வாங்க வேண்டும். ப்ரோகோரில் இத்துடன் நிறுவன எண்ணையும் தலைப்பகுதியில் தர வேண்டும், ஒரே பயனர் பல நிறுவனங்களில் இருக்கக்கூடும் என்பதால். டோக்கன் வைத்திருப்பவர் யாரோ அவரையே மென்பொருள் உரியவராக நினைக்கும். ஆகவே அதை வாட்ஸ்அப் குழுவில் ஒட்டுவதும், எக்செல் கோப்பில் எழுதி எல்லோருக்கும் அனுப்புவதும் கூடவே கூடாது.

டோக்கன் யாருடையதோ அவர் பார்க்க முடிந்ததைத்தான் ஏபிஐயும் தரும். பாதுகாப்புப் பொறியாளருக்கு ஒரு திட்டத்தைப் பார்க்க அனுமதி இல்லை என்றால், அவர் பெயரில் வாங்கிய டோக்கனுக்கும் இல்லை. ஏபிஐ பின்வாசல் அல்ல.

சுருக்கமாக: எந்தத் திட்டம், எந்த அட்டவணை, கேட்பவர் யார் என்ற மூன்றும் இருந்தால் கேள்வி முழுமையானது.

## பதிலைப் படிப்பது

பதில் ‘ஜேசன்’ வடிவத்தில் வரும். பெயரும் அதற்குரிய மதிப்பும் ஜோடி ஜோடியாக எழுதப்படும் எளிய எழுத்து வடிவம் அது. பழகாத கண்ணுக்கு அடைப்புக்குறிகளின் காடாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பவை படிவத்தின் கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் புலம் என்று பெயர்.

ஒரு கற்பனை உதாரணம். பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். சார ஆய்வு அட்டவணை 2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை தொடங்குகிறது, வாரம் ஒரு முறை. டிசம்பரில் ஒருவர் திரையைத் திறந்து பார்க்கிறார். “வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை” என்று இருக்கிறது. ஆனால் ஆய்வுகளின் பட்டியலில் அக்டோபர் 21, நவம்பர் 4, நவம்பர் 18 ஆகிய மூன்று திங்கட்கிழமைகளில் ஆய்வே இல்லை. பொறியாளர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். மாற்றப் பதிவை எடுத்தால் மூன்று வரிகள் வருகின்றன. அடைப்புக்குறிகளை நீக்கி எழுதினால் இப்படி இருக்கும்:

முதல் பதிவு. மாறிய புலம்: இடைவெளி. பழைய மதிப்பு: வாரம் ஒரு முறை. புதிய மதிப்பு: இரு வாரத்துக்கு ஒரு முறை. மாற்றியவர்: திட்ட மேலாளர். மாற்றிய நேரம்: 2024-10-15, 04:20.

இரண்டாம் பதிவு. மாறிய புலம்: பொறுப்பாளர். பழைய மதிப்பு: பாதுகாப்புப் பொறியாளர். புதிய மதிப்பு: சைட் இன்ஜினியர். மாற்றியவர்: திட்ட மேலாளர். மாற்றிய நேரம்: 2024-11-10, 23:40.

மூன்றாம் பதிவு. மாறிய புலம்: இடைவெளி. பழைய மதிப்பு: இரு வாரத்துக்கு ஒரு முறை. புதிய மதிப்பு: வாரம் ஒரு முறை. மாற்றியவர்: தர மேலாளர். மாற்றிய நேரம்: 2024-11-20, 09:15.

இப்போது கதை தலைகீழாகிறது. அக்டோபர் 14க்குப் பிறகு அட்டவணையே அக்டோபர் 28, நவம்பர் 11 என்றுதான் கேட்டது. பொறியாளர் எந்த ஆய்வையும் தவறவிடவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மண் இளகிச் சாரத்தின் கால்கள் இறங்கக்கூடிய அந்த வாரங்களில், சார ஆய்வைப் பாதியாகக் குறைத்தது ஏன்? அதைக் கேட்க வேண்டியது பொறியாளரிடம் அல்ல. இன்றைய அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் குற்றமற்றவர்மேல் பழி போயிருக்கும். மாற்றப் பதிவு தேவை என்று நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

மூன்று வரிகளையும் பொருத்திப் பாருங்கள். வாரம் ஒரு முறை என்று தொடங்கி, இரு வாரமாகி, மீண்டும் வாரமாகிறது. பொறுப்பாளர் சைட் இன்ஜினியர். இன்றைய திரையும் அதையே காட்டினால், வரலாறு முழுமையாக வந்திருக்கிறது. திரையில் பொறுப்பாளராக மூன்றாவது ஒருவர் இருந்தால், ஒரு வரி எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

பதிவில் வரும் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஏபிஐகள் ஆளின் பெயருக்குப் பதிலாகப் பயனர் எண்ணை மட்டும் தரும். அந்த எண்ணுக்குரியவர் வேலையை விட்டுப் போன பிறகு அவர் யாரென்று கண்டுபிடிப்பது கடினமாகலாம். அதனால் பதிவுகளை எடுக்கும் அன்றே பயனர் பட்டியலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவது நல்லது.

## ஐந்தரை மணி நேரம்

மேலே இரண்டாம் பதிவின் நேரத்தைக் கவனித்தீர்களா? நவம்பர் 10, இரவு 11:40. அப்படியானால் நவம்பர் 11 திங்கட்கிழமை ஆய்வுக்கு முந்தைய இரவே பொறுப்பாளரை மாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் அது நவம்பர் 11 அதிகாலை 5:10. ஆய்வு நடக்க வேண்டிய அதே நாள் காலை.

காரணம், ஏபிஐகள் நேரத்தைப் பெரும்பாலும் யூடிசியில் தருகின்றன. யூடிசி என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான நேரம். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. நேரத்தின் இறுதியில் இசட் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது யூடிசி. சென்னையில் நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5:30க்கும் இடையில் செய்த எந்த மாற்றமும் யூடிசியில் முந்தைய தேதியைக் காட்டும். கட்டுமானத்தில் இது அபூர்வமல்ல. தளம் போடும் நாளில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும், மேலாளர் எழுந்தவுடன் கைப்பேசியில் அட்டவணையை மாற்றுவார். மிக அவசரமான மாற்றங்கள் விழும் நேரமே அதுதான். அந்த மாற்றங்களில்தான் தேதி ஒரு நாள் பின்னால் தெரிகிறது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள் எல்லாத் தேதிகளுக்கும் கூட்டிவிடுகிறார்கள். மாற்றிய நேரம் என்பது ஒரு கணம், அதை இந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் “ஆய்வு நாள்: 2024-11-11” என்பது நாட்காட்டியில் ஒரு நாள். அதில் மணியும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. அதை மாற்றவே கூடாது. சில விரிதாள்களும் நிரல்களும் வெறும் தேதியைத் தாமாகவே நள்ளிரவு 12 மணி யூடிசி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அமெரிக்க நேரத்தில் அமைந்த கணினி அதைத் திறக்கும்போது நவம்பர் 10 ஆகிவிடும். மென்பொருள் நிறுவனம் அமெரிக்காவில், சைட் சென்னையில் என்ற சூழலில் இது கற்பனையான ஆபத்து அல்ல.

சுருக்கமாக: மணியோடு வரும் நேரத்தை மாற்றுங்கள், மணியில்லாத தேதியைத் தொடாதீர்கள்.

## பக்கம் திருப்ப மறந்தால்

பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் பக்கம் நிறைந்ததும் நின்று, பக்கத்தைத் திருப்பச் சொல்லும். திருப்பாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தால் கையில் இருப்பது பாதி வரலாறு.

ஏபிஐயும் அப்படித்தான். ஆயிரம் பதிவுகளை ஒரே தடவையில் கொட்டாமல் பகுதி பகுதியாகத் தரும். இதற்குப் பக்கப் பிரிப்பு என்று பெயர். கேள்வியில் எத்தனையாவது பக்கம், ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவுகள் என்று சொல்கிறோம். அடுத்த பக்கம் இருக்கிறதா என்ற விவரம் பதிலின் தலைப்பகுதியிலோ உள்ளேயோ வரும். முதல் பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு “இவ்வளவுதான் மாற்றம்” என்று அறிக்கை எழுதுவது இந்த வேலையில் மிக எளிதாக நேரும் பிழை, மிக எளிதாக மறைந்தும்விடும். ஏனெனில் ஏபிஐ எந்தப் பிழையும் காட்டாது. கேட்ட பக்கத்தைச் சரியாகத் தந்திருக்கிறது. கேட்காததற்கு அது பொறுப்பல்ல. புதியவை முதலில் வரும் வரிசையாக இருந்தால் அட்டவணையின் தொடக்க வரலாறு விட்டுப்போகும். பழையவை முதலில் என்றால் சமீபத்திய மாற்றங்கள் விட்டுப்போகும். இரண்டாவது இன்னும் மோசம்.

வெற்றுப் பட்டியலையும் கவனமாகப் படிக்க வேண்டும். பதிவே இல்லை என்று பதில் வந்தால் மாற்றமே நடக்கவில்லை என்று பொருளாகிவிடாது. அட்டவணை எண் தவறாக இருக்கலாம். நாம் கேட்ட தேதி வரம்புக்கு வெளியே மாற்றம் நடந்திருக்கலாம். நாளை மாற்றுவதற்குப் பதிலாகப் பழைய அட்டவணையை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கலாம். இந்தக் கடைசி வகை அடிக்கடி நடக்கிறது. புதிய அட்டவணைக்குப் புதிய எண், சுத்தமான வரலாறு. பழையதன் கதை பழைய எண்ணோடு போய்விடுகிறது. ஓர் அட்டவணை உருவான நாள் திட்டம் தொடங்கிய நாளுக்கு மிகவும் பிந்தியதாக இருந்தால், அதற்கு முன் அதே வேலைக்கு வேறோர் அட்டவணை இருந்ததா என்று கேட்டே ஆக வேண்டும்.

## திரும்பி வரும் எண்கள்

ஒவ்வொரு பதிலோடும் ஒரு மூன்றிலக்க எண் வரும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 401 என்றால் டோக்கன் இல்லை அல்லது காலாவதியாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும். 403 என்றால் நீங்கள் யார் என்று தெரிகிறது, ஆனால் இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. இதற்கு நிரலரைத் திட்டிப் பயனில்லை, மென்பொருளின் நிர்வாகியிடம்தான் போக வேண்டும். 404 என்றால் அந்த முகவரியில் ஒன்றும் இல்லை. எண் தவறாக இருக்கலாம், நீக்கப்பட்டிருக்கலாம். அனுமதி இல்லாதவருக்கு, ஒரு பொருள் இருப்பதையே காட்டிக்கொடுக்காமல் 404 தரும் ஏபிஐகளும் உண்டு. 429 என்றால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள், பொறுத்துக் கேளுங்கள். உடனே திரும்பத் திரும்ப முயல்வது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

## எப்போது எடுப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது?

தகராறு வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் பெரும்பாலான நிறுவனங்களில் இருக்கிறது. அது போதாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ கட்டுமான நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அதை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். ஒப்படைத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பால்கனியில் விரிசல் விழுந்தால், அந்தத் தளத்தின் ஆய்வு எப்போது நடக்க வேண்டியிருந்தது, எப்போது நடந்தது என்ற கேள்வி எழும். மென்பொருள் சந்தா அதுவரை இருக்குமா? கட்டடம் முடிந்ததும் செலவைக் குறைக்க முதலில் நிறுத்துவது அதைத்தான்.

ஆகவே என் கருத்து இது: வாரம் ஒரு முறை, நிரல் தானாகவே மாற்றப் பதிவுகளை எடுத்து நிறுவனத்தின் சொந்தச் சேமிப்பில் வைக்கட்டும். ஒவ்வொரு முறையும் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை, கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் கேட்கலாம். விளிம்பில் எதுவும் விட்டுப்போகாமல் இருக்க ஒரு நாள் பின்னாலிருந்தே கேட்பது பாதுகாப்பானது. அதனால் சில பதிவுகள் இரண்டு முறை வரும், ஒவ்வொரு பதிவுக்கும் இருக்கும் தனி எண்ணை வைத்து இரட்டிப்பை நீக்கிவிடலாம். வந்த ஜேசனை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, எக்செல் வேண்டியவர்களுக்கு அதிலிருந்து தனியாகச் செய்து கொடுங்கள். எக்செலில் யார் வேண்டுமானாலும் ஒரு கட்டத்தைத் திருத்திவிடலாம். மூலப் பிரதி கைபடாமல் இருந்தால்தான் பிறகு சான்றாக நிற்கும்.

## பதிவு சொல்லாத ஒன்று

பாஸ்புக்கில் 5,000 ரூபாய் எடுத்தது தெரியும், எதற்கு என்று தெரியாது. மாற்றப் பதிவும் யார், எப்போது, எது, எதிலிருந்து எதற்கு என்பதோடு நின்றுவிடும். ஏன் என்று அது சொல்லாது. நம் உதாரணத்தில் திட்ட மேலாளர் இடைவெளியை இரு வாரமாக்கியதற்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம். மழையால் வெளிப்பூச்சு நின்று, சாரத்தில் ஆளேறுவதையே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது எங்கும் எழுதப்படவில்லை.

அட்டவணையில் விளக்கம் எழுத ஓர் இடம் இருந்தால், மாற்றும் ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரே வரியில் அங்கே எழுத வேண்டும் என்று சைட்டில் விதி வையுங்கள். “16/10 முதல் சாரத்தில் வேலை நிறுத்தம், அதனால் இரு வாரம்” என்ற அளவு போதும். விளக்கத்தில் செய்யும் மாற்றமும் வரலாற்றில் பதிவாகும் மென்பொருள் என்றால், காரணமும் தேதியோடும் பெயரோடும் ஏபிஐ வழியாகவே வந்துவிடும். உங்கள் மென்பொருள் எந்தெந்தப் புலத்தின் மாற்றத்தைப் பதிகிறது என்று அறிய, ஒரு சோதனைத் திட்டத்தில் ஓர் அட்டவணையை உருவாக்கி, நாள், இடைவெளி, பொறுப்பாளர், விளக்கம் என்று ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, மாற்றப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. அதில் விளக்கம் வரவில்லை என்றால், காரணத்தை எழுத சைட் அலுவலகத்தில் பழையபடி ஒரு ரிஜிஸ்டர் வையுங்கள், ஒவ்வொரு வரியிலும் அட்டவணை எண்ணையும் குறித்து வைத்தால் ஏபிஐ தரும் பதிவோடு அதைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம்.